குறிஞ்சிச் செடியும் வடமராட்சி வளவும்

மலைநாட்டிற் கடமையாற்றி இளைப்பாறி ஊர் திரும்பும் பழைய மாணவர் சிலர், பெட்டி படுக்கையோடு ஒரு பூச்சாடியையும் கொண்டுவருவதுண்டு. நுவரெலியாவிலே வீட்டு வாயிலில் நீலக் கொத்தாகப் பூத்துக் குலுங்கிய ஐதரேஞ்சியா அது. வந்த மாதம் அயலவரெல்லாம் பார்த்து வியப்பர். அடுத்த ஆண்டு இலை மட்டும் இருக்கும்; அதற்கடுத்த ஆண்டு சாடி மட்டும் இருக்கும். இது ஏன் நிகழ்கின்றது, மலைச்செடிகளுள் எவை நம் வளவுக்கு இறங்கிவரும், எவை வாரா என்பதைச் சிறிது ஆராய்வோம். தமிழாசிரியனுக்குச் செடிகொடியைப் பற்றிப் பேச என்ன உரிமை என விஞ்ஞான ஆசிரியர் வினவலாம். நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மரமும் பூவும் குறித்த இலக்கணத்தைப் படிப்பிப்பவனுக்கு அவ்வுரிமை சிறிது உண்டென்க.

குறிஞ்சிக்கு உரியதெனப் புலவர் போற்றிய காந்தள், கார்த்திகை மாதத்திலே நம் வேலிகளில் தீப்போற் பூக்கின்றது. கார்த்திகைப்பூ என நாம் வழங்குவது அதனையே. அக்கரையிலே, வேதாரணியப் பகுதியில், அதனைப் பயிராகவே செய்கின்றனர். கோடையிலே அது கிழங்காகி மண்ணுள் உறங்கிவிடுதலின் நம் வெயில் அதனைத் தீண்டுவதில்லை. அதியமான் மலைப்பிளவிலிருந்து பெற்று ஔவைக்கு ஈந்த நெல்லியும் மலைக்கும் சமவெளிக்கும் பொதுவானது. ஊவாவின் புல்வெளிகளிலும் நிற்கின்றது, நம் ஊரின் பெயரிலும் நிற்கின்றது. ஆனால், திணைக்கே பெயர் தந்த நீலக்குறிஞ்சி இறங்கிவராது. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் அச்செடி 2018ஆம் ஆண்டு மூணாற்று மலைகளிற் பூத்தது. 4,000 அடிக்குக் கீழே அதனைக் காண்டல் அரிது.

மலையேற ஏறக் குளிர் மிகும் என்பதை யாவரும் அறிவர். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 பாகை செல்சியசு குறையும் என்பது கணக்கு. நுவரெலியா 6,100 அடிக்கு மேலுள்ளது. ஆகவே, நமக்கும் அதற்கும் இடையே 12 பாகை வேறுபாடு. நம் சராசரி வெப்பநிலை 28 பாகை அளவு, அங்கே 16. இவ்வுண்மையை ஆங்கில ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர். பேராதனைப் பூங்கா 1821இல் தோன்றிய பின்னரும், சிங்கோனா மரத்துக்கென 1861இல் ஏறக்குறைய 5,500 அடி உயரத்தில் ஹக்கலைப் பூங்காவைத் தொடங்கினர். தாழ்நிலப் பயிர்களுக்கென 1876இல் ஹெனரத்கொடையில் வேறொன்று அமைத்தனர். அரசாங்கமே மூன்று உயரங்களில் மூன்று தோட்டம் வைத்ததாயின், ஒரு வளவிலே எல்லாம் வளரவேண்டுமென நாம் வற்புறுத்துதல் எங்ஙனம்?

நண்பகல் வெயிலே செடியைக் கொல்கின்றது எனப் பலரும் எண்ணிக் கிடுகுப் பந்தல் இடுவர். பந்தல் வேண்டியதே, எனினும் பெரும்பகை இரவின் வெம்மை. பகலிற் சமைத்த உணவைச் செடி இரவிலே சுவாசித்துச் செலவிடுகின்றது. இரவு சூடாயின் செலவு மிகும். வரவுக்குமேற் செலவு செய்யும் குடும்பம் போல அது நாளடைவில் மெலியும். ஐதரேஞ்சியாவுக்கு வேறொரு தடையும் உண்டு. பல கிழமைகள் குளிர்ந்த இரவு பெற்றாலன்றி அதன் பூமொட்டு உருவாகாது. நீங்கள் இரயிலிற் கொண்டுவந்த பூ மலையிலே கருக்கொண்டது. இங்கே புதுமொட்டு எழாமைக்கு உங்கள் கைராசி காரணமன்று.

இனி மண். நம் குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்தது. கேத்திலின் அடியிற் படியும் வெண்படிவைப் பார்த்தாற் கிணற்றுநீரின் இயல்பு விளங்கும். ஐதரேஞ்சியா, அசேலியா, ஹோர்ட்டன் சமவெளியிலே செம்பூப் பூக்கும் உரோடோதெந்திரன் ஆகியன புளிப்பு மண்ணை விரும்புவன. சுண்ணாம்பு மிகுந்தால் மண்ணிலுள்ள இரும்பை அவற்றின் வேர் உறிஞ்ச இயலாது. நரம்பு பச்சையாயிருக்க இலை மஞ்சளாகும். சிலர் அன்னபேதியைக் கரைத்து ஊற்றுவர். சுண்ணாம்பு மண்ணிலே அதுவும் விரைவிற் பயனிழக்கும். வளவு மண்ணை அறவே விலக்கி, கழுவி உப்பகற்றிய தும்புத்தூளும் மக்கிய இலையும் சாடியில் இடுதல் வேண்டும். சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணல் ஆகாது. மழைநீரை மட்டும் வார்த்தல் வேண்டும். பத்துச் சதுரமீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 இலீற்றர் நீர் கிடைக்கும். மாரியிலே மூடிய தொட்டியிற் சேர்த்தால் இரண்டு மூன்று சாடிகளுக்குக் கோடை முழுவதும் போதும். சாடியைப் பெரிய மண்சாடியொன்றினுள் வைத்து, இடையே மணலிட்டு ஈரமாக்கினால், சோளகக் காற்று வீசுங்கால் வேர் சற்றுக் குளிரும். இத்தனையும் செய்தாற் செடி உயிரோடிருக்கும். பூக்குமென நான் உறுதி கூறேன்.

இங்கிலாந்தின் மலைச்செடிப் பித்தருள் முதல்வரான இரெஜினால்ட் பாரர், நம் நாட்டுக்கு வந்து சென்று 1908இல் ஈழத்தின் பழம்பதிகளைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். கற்குவியலிட்டு நீர் தேங்காமற் செடி வளர்க்கும் முறையை அந்நாட்டிற் பரப்பியவர் அவர். அவர்களுக்குப் பகை மாரியின் ஈரம். நமக்கு இரவின் வெம்மை. ஆகவே, அவர் கற்குவியலை இங்கே பெயர்த்துவைத்தலாற் பயன் சிறிதே.

பூவை விடுத்து இலையையும் கிழங்கையும் நோக்கினால் நிலைமை வேறு. கோவா, கரற், பீற்றூட் ஆகியவற்றைப் பூக்குமுன்னரே நாம் கொள்கின்றோம். ஆதலின், கார்த்திகை முதல் மாசி வரையுள்ள வாடைக்காலம் அவற்றுக்குப் போதும். வித்து மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும். உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலை; 12,000 அடிக்கு மேலும் அங்கே அது பயிராகின்றது. இரவு வெம்மையாயின் செடி தழைக்குமேயன்றிக் கிழங்கு திரளாது. இருந்தும், நம் விவசாயிகள் மார்கழி, தை மாதக் குளிரை நம்பி அதனைச் செம்மண்ணில் இறக்கிவிட்டனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்திலே, மிளகாயோடும் வெங்காயத்தோடும் அக்கிழங்கும் குடாநாட்டுக் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கியது. அவ்வருவாயிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் இம்மலரைப் படிப்போருள்ளும் இருப்பர்.

வீட்டு வளவிற் பயிரிட விரும்புவோர் பெருமழை ஓய்ந்தபின் நடுதல் நன்று. நீர் தேங்கினாற் கிழங்கு அழுகும். ஏறக்குறைய 90 நாளிற் கிண்டலாம். விளைந்ததில் ஒரு பங்கை விதைக்கென வைத்தல் தகாது. செடிப்பேன் பரப்பும் வைரசு நோய் தாழ்நிலத்திலே எளிதிற் பற்றுதலால், ஆண்டுதோறும் தூய விதைக்கிழங்கைப் புதிதாக வாங்குதலே முறை. மலைநாட்டிலிருந்து திரும்புவோர் சாடிக்குப் பதிலாக அதில் ஒரு பை கொண்டுவரலாம்.