பழைய டிரான்சிஸ்டர் வானொலிக்கு ஏற்ற பாட்டரி

தறிக் கூடத்திலும் களத்துமேட்டிலும் ஒரு காலத்தில் ஓயாது ஒலித்த டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகள் இன்று பல இல்லங்களில் பரண்மீது உறங்குகின்றன. 1960-களில் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் வாயிலாகப் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர் என்றால், அப்பெட்டிகளுக்கு நம் வாழ்வில் இருந்த இடத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றுள் பழுதுபட்டதனால் பரணேறியவை சில. உரிய பாட்டரி கிடைக்காமற் போனதனால் பரணேறியவையும் உண்டு. “இந்தப் பாட்டரி இப்பொழுது வருவதில்லை” என்று கடைக்காரர் கூறியவுடன் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவோர் உளர். இது வீண் நஷ்டம். பெட்டிக்கு வேண்டுவது பாட்டரியின் உருவமன்று. அது தரும் மின்சாரமேயாகும். அம்மின்சாரத்தைச் சாதாரணக் கட்டைகளைக் கொண்டே பெறலாம்.

டிரான்சிஸ்டர் தோன்றுமுன் வந்த வால்வுப் பெட்டிகளுக்கு 90 வோல்ட்டு ஒன்றும் 1.5 வோல்ட்டு ஒன்றுமாக இருவகை மின்சாரம் தேவைப்பட்டது; அவற்றின் பாட்டரி செங்கல்லினும் பெரிது. 1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டி.ஆர்.1 என்னும் முதல் டிரான்சிஸ்டர் வானொலி 22.5 வோல்ட்டுப் பாட்டரியால் இயங்கியது. 1957-இல் ஜப்பானிய சோனி கம்பெனியின் டி.ஆர்.63 என்னும் சட்டைப்பைப் பெட்டி 9 வோல்ட்டுச் சிறு பாட்டரியுடன் வந்தது. தலையில் இரண்டு குமிழ்கள் உள்ள அந்தச் சிறு பாட்டரி இன்றும் எங்கும் கிடைப்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை. தொல்லை தருவது அதன் பெரிய உறவினரான ‘பி.பி.9’ என்பதே. அதுவும் 9 வோல்ட்டுதான். ஆனால் ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் நீளம், 52 அகலம், 81 உயரம் கொண்டது. 1959-ஆம் ஆண்டின் புஷ் டி.ஆர்.82 போன்ற பிரிட்டிஷ் பெட்டிகள் இதைக் கொண்டே இயங்கின. கடல் கடந்து சென்று திரும்பியோர் கொணர்ந்த பெட்டிகளிலும் இவ்வகையைக் காணலாம். நம் நாட்டுப் பெட்டிகள் பலவும் பெரிய டார்ச் கட்டைகளை ஏற்பவையாதலின் அவற்றுக்கு இச்சங்கடம் குறைவு.

புதிய பாட்டரி தேடுவோர் கவனிக்க வேண்டியவை வோல்ட்டு, முனை, கொள்ளளவு என்னும் மூன்று. ஏரியின் நீர் மதகைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது போன்றது வோல்ட்டு. ஏரியில் உள்ள மொத்த நீரைப் போன்றது கொள்ளளவு. ஆகவே, 9 வோல்ட்டுச் சிறு பாட்டரியை 9 வோல்ட்டுப் பெரிய பாட்டரிக்குப் பதிலாகப் பொருத்தினால் பெட்டி கெட்டுவிடாது. குட்டை நீர் விரைவில் வற்றுவது போல அப்பாட்டரி விரைவில் ஓய்ந்துவிடும், அவ்வளவே. ஆனால் 6 வோல்ட்டுப் பெட்டிக்கு 9 வோல்ட்டைத் தருவது வேறு விஷயம்; கரை உடைவதற்கு ஒப்பானது அது.

முனை மாறுவதே எல்லாவற்றினும் பெரிய ஆபத்து. அக்காலத்து டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் ஜெர்மேனியத்தால் ஆனவை. ஓ.சி.71, ஏ.சி.128 முதலிய பெயர்களை ரிப்பேர்காரர்கள் அறிவர். நேர்முனையும் எதிர்முனையும் ஒரு கணம் மாறினாலும் அவை பழுதாகக்கூடும். இன்று அவற்றுக்கு மாற்று தேடுவது பாட்டரி தேடுவதைக் காட்டிலும் கடினம். இக்காலப் பெட்டிகளில் எதிர்முனையே உட்சட்டத்துடன் இணைந்திருப்பது வழக்கம். ஜெர்மேனியப் பெட்டிகள் பலவற்றில் நேர்முனை இணைந்திருக்கும். ஆகையால் வேறு பெட்டியைப் பார்த்து ஊகித்துக் கம்பியிடுதல் கூடாது.

பெட்டிக்கு எத்தனை வோல்ட்டு என்பது பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். தாள் கிழிந்திருப்பின் கட்டைகள் அமரும் இடங்களை எண்ணுக: நான்கு எனில் 6 வோல்ட்டு, ஆறு எனில் 9 வோல்ட்டு, ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட்டு என்பதே கணக்கு. கட்டைக்கு இடமே இல்லாமல் குமிழ்ப் பிடி மட்டும் தொங்கினால் அநேகமாக 9 வோல்ட்டாகவே இருக்கும். எனினும் பெட்டியினுள் பாட்டரிக் கம்பிகளுக்கிடையே உள்ள உருளை வடிவக் கண்டென்சரில் அச்சிட்ட வோல்ட்டைப் பார்த்தல் நலம். பாட்டரியின் வோல்ட்டு அதற்குக் குறைவாகவே இருக்க வேண்டும். அதில் 10 அல்லது 12 என்றிருப்பின், 12 வோல்ட்டுப் பாட்டரியை அப்பெட்டிக்குக் காட்டவே கூடாது.

இனிப் பி.பி.9-க்கு மாற்றுச் செய்யும் முறை. பென்சில் கட்டைகள் ஆறு அமரக்கூடிய பிளாஸ்டிக் தாங்கி எலெக்ட்ரானிக் சாமான் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. ஆறும் தொடராக இணைந்து 9 வோல்ட்டு தரும், தாங்கியும் பி.பி.9 இருந்த இடத்தினுள் தாராளமாக அடங்கும். தொல்லை குமிழில்தான். பி.பி.9-இன் குமிழ்கள் 35 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பவை. சிறிய பாட்டரியின் குமிழ்களோ அரை அங்குல இடைவெளியில் இருப்பவை. இதற்காகப் பெட்டியின் பழைய கம்பிகளை வெட்டிவிடுவோரைக் கண்டிருக்கிறோம். வெட்ட வேண்டியதே இல்லை. ஓய்ந்துபோன பழைய பி.பி.9 கைவசம் இருப்பின் அதன் குமிழ்த் தட்டைக் கழற்றி எடுத்துத் தாங்கியின் கம்பிகளை அதில் பற்றவைத்தால் பெட்டியின் பிடி முன்போலவே பொருந்தும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பாட்டரித் தட்டைப் பாட்டரியின் இடத்திலேயே பயன்படுத்தினால் நேர்முனைக் குமிழ் நேர்முனையாகவே நிற்கும். அதே தட்டைப் பெட்டியின் பக்கத்துப் பிடியாக உபயோகித்தால், ஆண் குமிழ் பெண் குமிழில் சேர வேண்டியிருப்பதால் முனைகள் தலைகீழாகிவிடும். சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி என்று நிறத்தை மட்டும் நம்பாமல், பெட்டியில் மாட்டுமுன் மீட்டரால் முனையைச் சோதித்துக்கொள்வது அவசியம். பாவை விட்டு முடிச்சுப் போடுமுன் நூலின் நம்பரைப் பார்ப்பவர்களுக்கு இது புதிய பழக்கமன்று.

எவ்வளவு காலம் உழைக்கும்? மிதமான ஒலியில் இத்தகைய பெட்டி ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். சிறிய 9 வோல்ட்டு ஆல்கலைன் பாட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. ஆகவே 25 மணி நேரம். ஆல்கலைன் பென்சில் கட்டைகள் 2000-க்குக் குறையாமல் தருவதால் 100 மணி நேரம். தினம் இரண்டு மணி கேட்போருக்கு முன்னது இரு வாரம் காணாது. பின்னது ஏழு வாரம் வரும். ஒலியைக் கூட்டினால் மின்சாரச் செலவும் கூடும். இப்பெட்டிகளின் அமைப்பே அத்தகையது.

மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் கட்டைகள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டே தரும். ஆறு சேர்ந்தால் 7.2, பெரும்பாலான 9 வோல்ட்டுப் பெட்டிகள் ஒலி சற்றுக் குறைந்து இதிலும் பாடும். ஏழாவது கட்டை சேர்த்தால் 8.4. இவற்றை வாங்குவது நீண்ட காலத்தில் சிக்கனமே. ஆனால் பென்சில் கட்டையின் உருவிலேயே 3.7 வோல்ட்டு லித்தியம் கட்டைகளும் விற்கப்படுகின்றன. ஆறு சேர்ந்தால் 22 வோல்ட்டுக்கு மேல்! உருவத்தைக் கண்டு மயங்கலாகாது. உள்ளேயே மாற்றுக்கருவி பொதிந்து 9 வோல்ட்டு என்றே விற்கப்படும் லித்தியம் பாட்டரியில் வேறொரு குறை உண்டு: அக்கருவியின் இரைச்சலை மத்திய அலையில் வானொலியே வாங்கி ஒலிக்கும். கைப்பேசிக்கு மின்னேற்றும் வகை அடாப்டர்களும் இவ்வாறே இரையும். பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டரோ, 9 என்று எழுதியிருந்தும் சுமையில்லாதபோது 12-க்கு மேலும் காட்டும். பாட்டரியே உத்தமம்.

ஓய்ந்த கட்டைகளை வெயிலில் காயவைத்து மீண்டும் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வெப்பத்தால் உள்ளிருக்கும் இரசாயன வினை சிறிது விரைவதனால் சற்று நேரம் உயிர் வந்தாற்போல் தோன்றும். ஆனால் கட்டையின் துத்தநாகக் கூடு ஏற்கெனவே அரித்து மெலிந்திருப்பதால் ஒழுகுவதற்கும் அதுவே வழி. புதிய கட்டையோடு பழைய கட்டையைக் கலப்பதும் இவ்வாறே தீங்கு பயக்கும்.

ஒழுகிய பெட்டியாயின், சாதாரணக் கட்டையின் கசிவு அமிலத் தன்மையுள்ளது. நீரில் கரைத்த சமையல் சோடாவால் துடைக்கலாம். ஆல்கலைன் கட்டையின் வெண்பூச்சு காரத் தன்மையுள்ளது. அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சம் சாறு ஏற்றது. கையுறையின்றித் தொடுதல் கூடாது. பின்னர் ஈரம் போகத் துடைத்து, வில்லையும் தகட்டையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பளிச்சென்ற உலோகம் தெரியும்.

இத்தனையும் செய்து, புதிய பாட்டரியிட்ட பின்னும் ஒலியைக் கூட்டும்போது மோட்டார்ப் படகு போலப் ‘பட்பட்’ என்று வந்தால் பாட்டரியைக் குறை கூற வேண்டாம். பெட்டியை ஒலிக்க விட்டபடியே பாட்டரியின் முனைகளில் மீட்டரை வையுங்கள். ஒலி உயர்கையில் வோல்ட்டு 6-க்கும் கீழே சரிந்தால் குற்றம் பாட்டரியில். 9-ஐ ஒட்டியே நின்றால், முன்சொன்ன உருளைக் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கக்கூடும். அதே அளவில் புதிது ஒன்றை, முனை பார்த்துப் பற்றவைக்கும்படி ரிப்பேர்காரரிடம் கூறுங்கள்.