பழைய கயாக்கும் பிரிஜ்ஜில் ஒட்டிய துண்டும்

அந்தக் கயாக் எங்கள் காரைவிட நீளம். நாலு மீற்றர் தொண்ணூறு சென்ரிமீற்றர். கூரையில் கட்டி, அரெனெல்லாவில் இருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தோம். அம்மா பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. மேலே ஏறி வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"பிள்ளை, உனக்கு ஒழுங்கா நீந்தவே தெரியாது. இது என்னத்துக்கு?"

நியாயமான கேள்விதான். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது என்று விழாக்களில் பெருமையாகச் சொல்லுவோம். ஆனால் கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எங்களில் எத்தனை பேருக்கு நெஞ்சளவு தண்ணீருக்கு அப்பால் போகத் தைரியம் இருக்கு?

அம்மா பருத்தித்துறைக்காரி. பலெர்மோவுக்கு வந்த பிறகு பதினாலு வருசம் 806 பஸ் எடுத்து மொண்டெல்லோவுக்கு வேலைக்குப் போய் வந்தா. கடலைப் பார்த்த வீடுகளைக் கூட்டித் துடைத்தா, அந்த வீட்டுப் பிள்ளைகளின் உப்புப் படிந்த துவாய்களைத் தோய்த்தா. ஒரு நாள்கூட அந்தக் கடலில் கால் நனைத்ததில்லை. "வேலைக்குப் போற இடத்தில என்ன கடல் குளிப்பு" என்பா. எங்களையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒன்பது வயது மகள் வகுப்புப் பிள்ளைகளோடு மொண்டெல்லோவுக்குப் போய், தான் மட்டும் கரையில் இருந்ததாகச் சொன்ன அன்றுதான் நான் முடிவெடுத்தேன். முதலில் குளிர்காலம் முழுக்க நீச்சல் தடாகத்துக்குப் போனேன். கயாக் அதற்குப் பிறகுதான்.

பழையதில் என்ன பார்க்க வேணும்?

புதுக் கடல் கயாக் எங்கள் கைக்கு எட்டாத விலை. ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் இருந்து 450 யூரோவுக்குப் பழையது கிடைத்தது. பொலிஎதிலீன் பிளாஸ்ரிக், 26 கிலோ. பிளாஸ்ரிக் கயாக்குக்குப் பெரிய எதிரி பாறை அல்ல, வெயில். வருசக் கணக்காக வெயிலில் கிடந்தால் நிறம் வெளிறி, பிளாஸ்ரிக் முறுகி வெடிக்கத் தொடங்கும். இது நிழலில் இருந்தது. அடியில் கீறல்கள் இருந்தன, ஆனால் ஆழமாக இல்லை. பள்ளம் விழுந்த இடமும் இல்லை. மேலே சுற்றிவரக் கட்டிய கயிறு புதிது. அந்தக் கயிறு முக்கியம், கவிழ்ந்தால் பிடிப்பதற்கு அதுதான்.

இரண்டு விசயங்களைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஒன்று, பின் அறையின் ரப்பர் மூடி. கையால் அழுத்திப் பார்த்தேனே தவிர, தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் உள்ள அந்த மூடிய அறைகளில் இருக்கும் காற்றுத்தான் கவிழ்ந்த கயாக்கை மிதக்க வைக்கும். மூடி ஒழுகினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இரண்டாவது ஸ்கெக். கயாக்கின் பின் அடியில் கத்தி மாதிரி இறங்கும் ஒரு சின்னத் தகடு. கைக்குப் பக்கத்தில் உள்ள பிடியைத் தள்ளினால் கம்பி வழியாக அது இறங்கும், இழுத்தால் ஏறும். "கொஞ்சம் இறுக்கம், பாவிக்கப் பாவிக்கச் சரிவரும்" என்றார் பெரியவர். நானும் தலையாட்டினேன். யாரோ எழுதி வைத்த பழைய மென்பொருளைப் பொறுப்பெடுக்கும்போது இதே வசனத்தை எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

முதலில் விழப் பழகவேணும்

மார்ச்சில் வாங்கினாலும் மே மாதம் வரைக்கும் காத்திருந்தோம். மார்ச்சில் இங்கே கடல் ஏறத்தாழ 15 பாகைதான். பழக்கமில்லாத ஆளை அந்தக் குளிர் சில நிமிசத்திலேயே தடுமாற வைக்கும்.

கயாக், வடதுருவத்து இனுயிட் மக்கள் கடல்நாய்த் (சீல்) தோலால் செய்த வேட்டைப் படகு. வேட்டைக்காரரின் உடம்பு அளவுக்கே செய்தார்கள். எங்கள் வள்ளத்தில் ஏறி இருக்கலாம். கயாக்கை உடுப்பு மாதிரிப் போட்டுக்கொள்ள வேணும். கால் மிதியைச் சரிசெய்து, தொடை மேல்தட்டில் முட்டும்படி இருந்தால்தான் அது நாங்கள் சொல்வதைக் கேட்கும்.

முதல் நாள் ஐந்து நிமிசத்தில் கவிழ்ந்தேன். 56 சென்ரிமீற்றர் அகலம், ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடியது. பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்திருந்ததுதான் பிழை. இடுப்பை இளக்கி, மூக்குப் பக்கத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்தால் ஆட்டம் இருக்கும், ஆனால் விழமாட்டீர்கள். சைக்கிள் பழகியவர்களுக்கு இது விளங்கும்.

அடுத்த மூன்று நாளும் துடுப்பே போடவில்லை. இடுப்பளவு தண்ணீரில், கணவர் பக்கத்தில் நிற்க, விழுந்து விழுந்து எழும்பினேன். இடுப்பைச் சுற்றிப் பூட்டும் ரப்பர்ப் பாவாடையின் முன் வளையத்தை இழு, கைகளால் விளிம்பைத் தள்ளு, வெளியே வா. தலைகீழாக இருக்கும்போது நாலு செக்கன் நாலு நிமிசம் மாதிரி. பத்தாம் தடவை மூக்குக்குள் தண்ணீர் போனதைத் தவிர வேறு பயம் இருக்கவில்லை.

தட்டையான கடல் ஏமாற்றும்

மொண்டெல்லோ விரிகுடா மொன்ரே பெல்லெகிரினோவுக்கும் மொன்ரே கல்லோவுக்கும் நடுவில், வடகிழக்குப் பக்கம் திறந்து கிடக்கிறது. சாந்தா ரொசாலியாவின் குகைக்கு நாங்கள் ஏறிப்போகும் அதே மலையைக் கடலில் இருந்து பார்த்தால் ஆளே மாறின மாதிரி இருக்கும். அந்த அழகில்தான் பிழை விட்டேன்.

ஜூன் மாதம் ஒரு காலை, சிரொக்கோ தொடங்கியிருந்தது. தெற்கில் இருந்து வரும் அந்தச் சூடான காற்று மொண்டெல்லோவில் கரையில் இருந்து கடலுக்கு வீசும். அலை எழும்ப இடமில்லாததால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்க்கிறவனுக்கு நல்ல நாள். உண்மையில் காற்று உங்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

அரைக் கிலோமீற்றர் போன பிறகுதான் உணர்ந்தேன். திரும்பப் பார்த்தேன், கயாக் திரும்பவில்லை. ஓடும் கயாக்கின் முன்பக்கத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், பின்பக்கத்தைக் காற்றுத் தள்ளும். அதனால் மூக்குத் தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். ஸ்கெக்கை இறக்கினால் பின்பக்கமும் பிடிபட்டு நேராகப் போகும். முழுக்க இறக்கினால் காற்றுக்கு எதிராகத் திருப்புவதே கஷ்டம். என்னுடைய ஸ்கெக் முழுக்க இறங்கி, இறுகி நின்றுவிட்டது. கரையில் மகள் ஒரு சிவப்புப் புள்ளி.

பழகியது ஒன்றே ஒன்றுதான் கைகொடுத்தது. திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கயாக்கைச் சரித்து, அந்தச் சரிந்த பக்கத்தில் துடுப்பை அகலமாக வீசினேன். ஐந்தாறு வீச்சில் கொஞ்சம் திரும்பியது. பிறகு குனிந்து, சின்னச் சின்ன வீச்சாக, நிற்காமல். போக எட்டு நிமிசம், வர அரை மணித்தியாலம். பின் அறையில் மூன்று போத்தல் அளவு தண்ணீர்.

பிடியைப் பலவந்தமாகத் தள்ளித் தள்ளி உள்ளே கம்பி மடிந்திருந்தது. புதுக் கம்பியும் புது மூடியும் போட்டேன். தகட்டில் சின்ன ஓட்டை போட்டு நூல் கட்டினேன், இறுகினால் கூட வருகிறவர் இழுத்துவிடலாம். அதைவிட முக்கியமாக, தனியாகப் போவதை நிறுத்தினேன். காற்று கரையில் இருந்து வீசும் நாளில் இறங்குவதே இல்லை.

அம்மாவின் நிபந்தனை

அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "போறதெண்டா எங்க போறாய், எத்தினை மணிக்கு வருவாய் எண்டு எழுதி வச்சிட்டுப் போ" என்றா. அனுபவமுள்ள கயாக்காரர்கள் செய்வதும் அதுதான். இப்போது பிரிஜ்ஜில் ஒரு துண்டு இருக்கும்: இறங்கும் இடம், போகும் பக்கம், கூட வருகிறவர், திரும்பும் நேரம். கீழே பெரிய எழுத்தில் 1530, கரையோரக் காவலின் அவசர இலக்கம். அந்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தினால் அம்மா முதலில் எனக்கு அடிப்பா, நான் எடுக்காவிட்டால் 1530. இத்தாலி மொழியில் என்ன சொல்ல வேணும் என்று மகள் அம்மம்மாவுக்குப் பாடமாக்கி விட்டிருக்கிறாள்.

மகளும் இப்போது நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். கயாக்கில் அவளுக்கு இடுப்பளவு தண்ணீர்தான் எல்லை, லைஃப் ஜக்கற் எப்போதும். உங்கள் பிள்ளை கேட்டாலும் இந்த வரிசையையே சொல்லுவேன்: முதலில் நீச்சல், பிறகு விழுந்து வெளியே வரப் பழகுவது, அதற்குப் பிறகுதான் துடுப்பு. பழைய கயாக் போதும், ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்குங்கள்.

போன ஞாயிறு அம்மாவும் மொண்டெல்லோவுக்கு வந்தா. தண்ணீருக்குள் இறங்கவில்லை. மகளின் ஜக்கற் கொளுவியை மட்டும் இழுத்துப் பார்த்து, "இன்னும் இறுக்கு" என்றா. நான் எழுதி வைத்தது எட்டரைக்கு. கரையேறிக் கயாக்கைத் தூக்கும்போது ஃபோன் அடித்தது. இருபது மீற்றர் தள்ளி மணலில் இருந்து அம்மாதான்.

"எட்டு முப்பத்தொண்டு" என்றா.