நாட்டின் உழைப்பாளர் தொகையும் நம் வீடும்



நாட்டின் உழைப்பாளர் தொகை இத்தனை என்று செய்தியில் சொல்லும்போது, அது அரசாங்க அலுவலகத்துக் காரியம் என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த எண்ணிக்கையில் நம் வீட்டாரும் அடக்கம். சேரவேண்டிய சிலர் அதில் விடுபட்டுப் போவதும் உண்டு.

ஒரு தோட்டக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை பால்மரம் வெட்டுகிறார். தாய் வீட்டைக் கவனிக்கிறார். மகன் இருந்த வேலை போய், வேறு வேலை தேடுகிறான். மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். பாட்டிக்கு வயது 70. இவர்களில் உழைப்பாளர் தொகையில் சேருகிறவர்கள் எத்தனை பேர்?

இரண்டு பேர், தந்தையும் மகனும். வேலையில்லாத மகனை ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்கலாம். 15 முதல் 64 வயது வரையிலானவர்களில் வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் ஆகிய இரு சாராரும் சேர்ந்ததே உழைப்பாளர் தொகை. மாணவர்களும் இல்லத்தரசிகளும் இதில் சேர மாட்டார்கள்.

அந்தத் தாய் பலகாரம் சுட்டு விற்றால் என்ன ஆகும்? கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் வருமானத்துக்காக உழைத்திருந்தாலும் அவர் வேலை செய்பவரே. குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் உதவி செய்தாலும் அப்படியே. ஆனால் கேட்க வருபவரிடம், "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லால் ஓர் உழைப்பாளி கணக்கிலிருந்து மறைந்து போகிறார்.

இனி, இந்தத் தொகை எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். 1982இல் மலேசியாவின் உழைப்பாளர் தொகை சுமார் 54 இலட்சம். 2023இல் அது 1 கோடியே 60 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மக்கள்தொகை பெருகியது இதற்கு முதற்காரணம். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தது இன்னொன்று. பெண்கள் வேலைக்கு வந்தது மூன்றாவது. 1982இல் வேலை வயதுப் பெண்கள் நூறு பேரில் 44 பேரே இத்தொகையில் இருந்தனர். 2023இல் 56 பேர். ஆண்களிலோ நூற்றுக்கு 80 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வீட்டோடு நின்றுவிட்ட தாய்மார்கள் நம்மிடையே எத்தனையோ பேர்!

தொகை வளர்ந்தாலும் தோட்டத்தின் பங்கு குறைந்துவிட்டது. 1957இல் மலாயாவில் வேலை செய்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் விவசாயத்திலும் தோட்டங்களிலும் இருந்தார்கள். இன்று பத்தில் ஒருவர் அளவே இருக்கிறார். தொழிற்சாலைகளும் கடைகளும் அலுவலகங்களும் ஆட்களை இழுத்துக்கொண்டன. ரப்பருக்குப் பதில் செம்பனை வந்ததும் ஒரு காரணம். ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டும். செம்பனைக் குலைக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒரு சுற்றுப் போதும். ஆகவே ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைந்தார்கள்.

இனிவரும் காலம் வேறு மாதிரி. 1970இல் ஒரு தாய்க்குச் சராசரி 5 பிள்ளைகள். அண்மைய ஆண்டுகளில் 2க்கும் குறைவு. இளைய கைகள் குறையும்போது, கைத்தொழில் கற்ற ஒவ்வொருவருக்கும் மதிப்புக் கூடும். ஆகவே ஐந்தாம் படிவத்தோடு பிள்ளைகளை நிறுத்திவிடாமல், ஆண் பெண் பேதமின்றி ஒரு தொழிற்பயிற்சிக்கு அனுப்புவோம்.

தாய்மார்களுக்கு இன்னொரு செய்தி. உழைப்பாளர் தொகையில் சேராத இல்லத்தரசிகளுக்கும் 2022 டிசம்பர் முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா. வீட்டு வேலையில் விபத்து நேர்ந்தால் இது கைகொடுக்கும். விவரங்களை அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் கேட்டறியலாம்.

கணக்கெடுக்க யாராவது வந்தால், செய்யும் வேலையை, அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், மறைக்காமல் சொல்லுவோம். எத்தனை பேருக்கு வேலை வேண்டும், எத்தனை பேருக்குப் பயிற்சி வேண்டும் என்று திட்டமிடுகிறவர்கள் பார்ப்பது இந்த எண்களைத்தான். நம் உழைப்பும் அதில் தெரியட்டும்.