டிஸ்க் பிரேக்கும் மாஸ்டர் சிலிண்டரும்

ஓடும் மோட்டார் வண்டியை நிறுத்துவதென்பது, அதன் இயக்க சக்தியை வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கச் செய்வதேயாகும். வண்டியின் வேகம் இரு மடங்காகும்போது, இவ்வாறு மாற்றப்பட வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. டிரம் பிரேக்கில் இவ்வெப்பம், மூடிய பாத்திரத்தினுள் அடைபட்டதுபோல் டிரம்மின் உள்ளே தங்கிவிடுகிறது. நீண்ட மலைச்சரிவில் இறங்கும் வண்டியின் பிரேக்கு மெல்ல மெல்ல வலுவிழப்பதற்குக் காரணம் இதுவே. டிஸ்க் பிரேக்கிலோ வட்டத் தகடு திறந்த வெளியில் சுழல்வதால் வெப்பம் விரைவில் நீங்குகிறது. மழைநீரும் உதறித் தள்ளப்படுகிறது.

டிஸ்க் பிரேக்கு புதிய கருத்தன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கு பொருத்திய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்ற பின்னரே அதன் சிறப்பை உலகம் நன்கு உணர்ந்தது. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகிய வண்டிகளுள் மிகப் பல நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கு உடையவை. இத்தகைய பழைய வண்டிகளைப் பேணி வருவோருள் பலர், இன்று முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கைப் பொருத்த விரும்புகின்றனர். சக்கரத்தருகே உள்ள உறுப்புகளை அவர்கள் கவனமாக மாற்றுகின்றனர். ஆனால், அவ்வுறுப்புகளுக்கு அமுக்கத்தை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிச் சிந்திக்கத் தவறிவிடுகின்றனர்.

இருவகைப் பிரேக்குகளின் தேவைகள்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது, பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் பிரேக்கு ஆயிலைத் தள்ளுகிறது. அவ்வமுக்கம் குழாய்களின் வழியே ஒவ்வொரு சக்கரத்தையும் சென்றடைகிறது.

டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்மே பிரேக்கு ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக அழுத்துகிறது. ஆகையால் குறைந்த அமுக்கமே அதற்குப் போதும். டிஸ்க் பிரேக்கில் இத்தகைய உதவி எதுவுமில்லை. தகட்டை இருபுறமும் கவ்வும் வலிமை முழுவதும் திரவத்தின் அமுக்கத்திலிருந்தே வரவேண்டும். அன்றியும், காலிப்பரின் பிஸ்டன் டிரம்மின் வீல் சிலிண்டரைவிடப் பன்மடங்கு பரப்புடையது; எனவே அதனை நகர்த்துவதற்குத் திரவமும் போதிய அளவு வேண்டும். அதிக அமுக்கம், போதிய திரவம் ஆகிய இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதே இங்குள்ள சிக்கல். சிலிண்டரின் விட்டம் குறைந்தால் அமுக்கம் பெருகும், திரவம் குறையும். விட்டம் கூடினால் திரவம் பெருகும், அமுக்கம் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வண்டியின் முன் காலிப்பர்களில் 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் ஒவ்வொன்று இருப்பதாகக் கொள்வோம். பின் சக்கரங்களில் 3/4 அங்குல வீல் சிலிண்டர்களுடன் கூடிய டிரம் பிரேக்கு இருக்கட்டும். முன் பிஸ்டன்கள் அரை மில்லிமீட்டரும், பின் பிஸ்டன்கள் ஒன்றரை மில்லிமீட்டரும் நகர்வதற்கு ஏறத்தாழ 4 கன சென்டிமீட்டர் திரவம் தேவை. ரப்பர்க் குழாய்கள் விரிதல், பிரேக்குப் பேடுகள் சிறிது நசுங்குதல் ஆகியவற்றிற்கு மேலும் 2 கன சென்டிமீட்டர் சேர்த்தால், மொத்தத் தேவை 6 கன சென்டிமீட்டராகும். பெடலின் நெம்புவிகிதம் 6 என்றும், வலுவாக நிறுத்துவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோகிராம் அமுக்கம் வேண்டும் என்றும் கொள்வோம். சிலிண்டர் பிஸ்டனின் முழு ஓட்டம் 25 மில்லிமீட்டர்.

3/4 அங்குல மாஸ்டர் சிலிண்டர் பொருத்தப்பட்டால், பெடலின்மேல் 33 கிலோகிராம் விசையே போதும். ஆனால் பிஸ்டன் 21 மில்லிமீட்டர் தூரம் செல்ல வேண்டும். சேமிப்பாக எஞ்சுவது 4 மில்லிமீட்டரே. திரவத்தில் சிறிது காற்று கலந்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடக்கூடும்.

1 அங்குலச் சிலிண்டரில் பிஸ்டன் 12 மில்லிமீட்டர் சென்றால் போதும். ஆனால் 59 கிலோகிராம் விசையுடன் மிதிக்க வேண்டும். மெலிந்த உடலினருக்கு ஆபத்து நேரத்தில் இது எளிதன்று.

7/8 அங்குலச் சிலிண்டரில் விசை 45 கிலோகிராம்; பிஸ்டன் செல்லும் தூரம் பதினைந்தரை மில்லிமீட்டர். இரு தேவைகளும் ஓரளவு நிறைவேறுவதால் இந்த வண்டிக்கு இதுவே ஏற்றது. வேறொரு வண்டிக்கு விடை வேறாகலாம். கணக்கிடும் முறை ஒன்றே.

கடினமான பெடல் என்னும் மயக்கம்

பெரிய சிலிண்டரைப் பொருத்தியதும் பெடல் சிறிதே இறங்கிக் கல்லைப்போல் நிற்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இதனை மிதித்துப் பார்ப்பவர், பிரேக்கு மிக வலுவாக இருப்பதாக எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. 3/4 அங்குலத்திலிருந்து 1 அங்குலத்திற்கு மாறினால், அதே மிதிக்குக் கிடைக்கும் அமுக்கம் நூற்றுக்கு 56 பங்காகக் குறைந்துவிடுகிறது. காலுக்குக் கடினமாக இருப்பது வேறு. சக்கரத்தை நிறுத்தும் வலிமை வேறு. பெரிய சிலிண்டர் தேவைப்படுமாயின், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் வேக்குவம் பூஸ்டரையும் அதனுடன் சேர்த்தல் வேண்டும்.

வால்வும் திரவத் தொட்டியும்

டிரம் பிரேக்குக்காக அமைந்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றுள், குழாயில் எப்போதும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் அமுக்கத்தை நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று உண்டு. டிரம் பிரேக்கில், ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்குகள் இவ்வமுக்கத்தை வென்றுவிடுகின்றன. காலிப்பரில் அத்தகைய ஸ்பிரிங்கு இல்லை. எனவே பேடுகள் தகட்டை உரசிக்கொண்டேயிருக்கும்; தகடு சூடேறும்; எரிபொருள் வீணாகும். டிஸ்க் பிரேக்குக்குச் செல்லும் வழியிலிருந்து இவ்வால்வை நீக்குதல் இன்றியமையாதது. மாரிஸ் மைனர் போன்று மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே அமைந்த வண்டிகளில், திரவம் பின்னோக்கி வடிந்துவிடாதபடி 0.14 கிலோகிராம் அளவுள்ள மெல்லிய வால்வைப் பொருத்துவது வழக்கம்.

பேடுகள் தேயத் தேயக் காலிப்பர்ப் பிஸ்டன் முன்னேறி, அவ்விடத்தைத் திரவத்தால் நிரப்புகிறது. மேற்கூறிய வண்டியில் ஒற்றைப் பிஸ்டனுள்ள நகரும் காலிப்பர்கள் இருந்து, பேடு ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் தேய்ந்தால், முன் சக்கரங்கள் இரண்டிற்கும் சேர்ந்து ஏறத்தாழ 73 கன சென்டிமீட்டர் திரவம் தொட்டியிலிருந்து இறங்கிவிடும். பழைய சிறு தொட்டி இதற்குப் போதாது.

இரட்டைச் சிலிண்டரின் அவசியம்

பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே பிஸ்டனுள்ள மாஸ்டர் சிலிண்டரே இருக்கிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே அற்றுப்போகும். ஒன்றன்பின் ஒன்றாக இரு பிஸ்டன்கள் அமைந்த இரட்டைச் சிலிண்டரில், ஒரு வழி பழுதுற்றாலும் மறுவழி வேலை செய்யும். அப்போது பழுதுற்ற பகுதியின் ஓட்டம் வீணாவதால், பெடல் மிகவும் தாழ்ந்தே பிரேக்கு பிடிக்கும். மேலே கூறிய சேமிப்பு ஓட்டத்தின் அருமை அவ்வேளையில் விளங்கும். பிரேக்கை மாற்றும் வாய்ப்பிலேயே இரட்டைச் சிலிண்டரையும் பொருத்திக்கொள்வது அறிவுடைமை.

நிறுத்தும்போது வண்டியின் எடை முன்னே சாய்வதால், பின் சக்கரங்கள் முதலில் இறுகி நின்று வண்டி பக்கவாட்டில் வழுக்கக்கூடும். பின் சக்கரங்களுக்குச் செல்லும் அமுக்கத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்றினால் இதனைத் தவிர்க்கலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பெடலின் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் நலம். இடைவெளி சிறிதும் இல்லையேல், திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறுதுளை அடைபட்டு, பிரேக்கு தானாகவே பிடித்துக்கொள்ளும். புதிய சிலிண்டரைப் பொருத்துமுன் மேசையின்மேல் வைத்தே அதிலுள்ள காற்றை நீக்குதல் எளிது. பழைய ஆயிலை மீண்டும் ஊற்றுதல் கூடாது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடில் கொதிப்பது. ஈரத்தை உறிஞ்சிய பின் இவ்வெல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். வேலை முடிந்ததும் பெடலைச் சில நிமிடங்கள் ஒரே சீராக அழுத்திப் பிடித்தல் வேண்டும். அது மெல்ல இறங்குமாயின், எங்கோ கசிவு உண்டு என்று அறியலாம். பின்னர், ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் சோதித்துப் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். மோட்டார் வாகனங்களில் செய்யும் மாறுதல்களுக்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதிகள் இருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

பளபளக்கும் தகடும் காலிப்பரும் பார்ப்போர் கண்ணுக்குத் தெரிபவை. மாஸ்டர் சிலிண்டரோ மறைவில் இருப்பது. ஆயினும், சாலையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் கணத்தில், ஓட்டுநரின் கால்விசை சக்கரத்தை எவ்வளவு வலிமையுடன் சென்றடையும் என்பதை முடிவுசெய்வது அதன் விட்டமே. அவ்விட்டத்தைப் பெடலின் கடினத்தைக் கொண்டன்று, கணக்கைக் கொண்டே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.