லாரி நம்பர் எங்கே? கைவிட்டது 'ஆட்டோ' படம்!
இரவில் செல்போனில் படம் எடுப்போர் கவனத்துக்கு
(நமது நிருபர்)

புதுக்கோட்டை: இரவு 10 மணி. திருச்சி சாலையோரம் ஒரு டீக்கடை. திடீரென்று 'டமார்' என்று சத்தம். மொபட்டில் வந்தவர் ரோட்டில் கிடந்தார். இடித்த லாரி நிற்காமல் பறந்தது.

சட்டென்று செல்போனை எடுத்து ஒரு தட்டு தட்டினேன். "நம்பர் கிடைச்சிருச்சுண்ணே!" என்று கடைக்காரரிடம் சொன்னேன். 108-க்குப் போன் செய்து, காயம்பட்டவரை அனுப்பிய பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்... ரோடு தெரிகிறது, புளியமரம் தெரிகிறது. நம்பர் பிளேட் மட்டும் வெறும் வெள்ளைப் பட்டை!

"என்ன தம்பி, பேப்பர்காரர் எடுத்த படமா இது?" என்றார் கடைக்காரர். பதில் சொல்ல முடியவில்லை.

2 லட்சத்தோடு சரி

இடித்த வண்டி எது என்று தெரிந்தால், அதன் இன்சூரன்சில் காயத்துக்கும் வருமான இழப்புக்கும் தக்க நஷ்டஈடு கேட்கலாம். தெரியாவிட்டால்? 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசு திட்டப்படி, உயிர் போனால் 2 லட்சம் ரூபாய். படுகாயம் என்றால் 50 ஆயிரம். அத்தோடு சரி.

தவறு எங்கே?

'ஆட்டோ'வில் வைத்தால் எல்லாம் போனே முடிவு செய்கிறது. சுற்றிலும் இருட்டு என்றால், ரோடு வெளிச்சமாகத் தெரியட்டும் என்று ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். பின்னால் வரும் காரின் விளக்கு பட்டு ஏற்கெனவே மின்னும் நம்பர் பிளேட் அதனால் வெளுத்துப் போகும்.

வேகமும் கெடுக்கும். மணிக்கு 54 கிலோமீட்டரில் போகும் லாரி, நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் இரண்டரை அடி நகர்ந்துவிடும். எழுத்து எப்படி நிற்கும்? ஐந்நூறில் ஒரு பங்கு என்றால் நகர்வது 3 சென்டிமீட்டர்தான்.

கீழ ராஜ வீதியில் சோதனை

மறுநாள் இரவு நண்பரை மோட்டார் சைக்கிளில் ஓட்டச் சொல்லி, இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். 'ஆட்டோ'வில் வீதி அழகாக விழுந்தது, நம்பர் இழுபட்டது. 'மானுவல்' (சில போன்களில் 'புரோ') வைத்து ஷட்டரை ஐந்நூறில் ஒன்றாக்கினேன். முதல் படம் முழுக் கருப்பு! ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றியதும் நம்பர் தெரிந்தது. படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள். இருந்தாலும் படிக்க முடிந்தது.

அதற்காக 'ஆட்டோ' மட்டம் என்று சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் கடை போர்டு, பில், குழந்தை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். மானுவல் திருகிக்கொண்டிருந்தால் அவசரத்தில் வண்டியே போய்விடும்.

சுலப வழி

ஆட்டோவிலேயே, திரையில் நம்பர் பிளேட் மீது விரலை வைத்துத் தட்டுங்கள். பெரும்பாலான போன்களில் சூரியன் போல் ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறைந்து எழுத்து தெளியும். இதை இன்றே வீட்டு வாசலில் பழகிக்கொள்ளலாம்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும். ஒரிஜினலை அழிக்காமல் வையுங்கள்.

முதலில் 108, பிறகுதான் போட்டோ. அதில் மாற்றமில்லை.

அந்த லாரி? இன்றும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். என் போனில் வெள்ளைப் பட்டையாக!