பம்பாயில் பிறந்தவர், 22 முறை சாம்பியன்: இந்தக் கல்லூரி கோச்சைத் தெரியுமா?

பெண்கள் கால்பந்தின் முதல் உலகக் கோப்பையை அமெரிக்காவுக்கு வென்று தந்த பயிற்சியாளர் எங்கே பிறந்தார் தெரியுமா? நம் பம்பாயில்! ஆண்டு 1951. பெயர் ஆன்சன் டோரன்ஸ். அப்பாவுக்கு எண்ணெய் நிறுவனத்தில் வேலை. அதனால் கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என்று நாடு நாடாகக் குடும்பத்தோடு போய் வளர்ந்தார். கல்லூரிப் படிப்புக்குத்தான் அமெரிக்கா வந்தார்.

வக்கீலாக வேண்டும் என்று சட்டம் படித்துக்கொண்டிருந்தவரிடம், 1977-ல் வட கரோலினா பல்கலைக்கழகம் ஆண்கள் கால்பந்து அணியை ஒப்படைத்தது. இரண்டே வருடத்தில், 1979-ல், புதிதாகத் தொடங்கிய பெண்கள் அணியும் அவர் கைக்கே வந்தது. 1988 வரை இரண்டு அணிகளுக்கும் அவரே கோச்! சட்டப் படிப்பு? முடிக்கவே இல்லை.

அப்போது பெண்கள் கால்பந்துக்கு அணி வைத்திருந்த கல்லூரிகளே சொற்பம். தேசியப் போட்டி என்று ஒன்று கிடையாது. வேண்டும் என்று கேட்டு வற்புறுத்தியவர்களில் டோரன்ஸும் ஒருவர். 1981-ல் போட்டி நடந்தது. இடம், அவருடைய பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில். கோப்பை அவர் அணிக்கே! மறு வருடம் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான போட்டியைத் தொடங்கியது. அதன் பிறகு 2012 வரை அந்தக் கோப்பையை டோரன்ஸின் அணி எத்தனை முறை தூக்கியது தெரியுமா? 21 முறை! 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது வருடம் வேறு எந்தக் கல்லூரியும் அதைத் தொட்டதில்லை. நடுவில் 92 ஆட்டங்கள் தொடர் வெற்றி! 1994-ல் நோட்ரடாம் அணி கோலே விழாத டிராவில் நிறுத்தித்தான் அந்த ஓட்டத்தை முடித்தது.

கோப்பைக் கணக்கை விட என்னை வியக்கவைப்பது அவர் பயிற்சி நடத்திய விதம். பயிற்சி மைதானத்தில் உதவியாளர்கள் நோட்டும் பேனாவுமாக நிற்பார்கள். ஒருத்திக்கு ஒருத்தி மோதும் ஆட்டத்தில் யார் வென்றாள், தலையால் முட்டியதில் யார் முந்தினாள், ஓட்டத்தில் யார் பிந்தினாள், சின்னக் குழு ஆட்டத்தில் யார் இருந்த பக்கம் ஜெயித்தது... எல்லாம் எழுதப்படும். முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை பெயர் வரிசை போட்டு, எல்லோரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டிவிடுவார்கள்! 'போட்டிக் கொப்பரை' என்றே இந்த முறைக்குப் பெயர். இதன் விதை எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஜோர்டனுக்குப் பயிற்சி தந்த கூடைப்பந்து கோச் டீன் ஸ்மித்திடமிருந்து. அவருடைய பயிற்சியில் ஒவ்வொரு அசைவும் கணக்கில் ஏறுவதை டோரன்ஸ் நேரில் பார்த்தார், தன் அணிக்குக் கொண்டுவந்தார். தோழியை முந்துவதற்குப் பெண்கள் கூச வேண்டியதில்லை, மைதானத்தில் முழு வேகத்தோடு மோதலாம், வெளியே வந்து தோளில் கை போட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பலகை தினமும் சொன்னது. இதைத்தான் அவருடைய மிகப் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

ஆட்ட முறையும் அப்படித்தான். தடுப்புக்கு மூன்றே பேர். எதிரணி பந்தை எடுத்த கணமே பாய்ந்து பிடுங்க வேண்டும். மூச்சு வாங்குமே? கல்லூரி விதிப்படி வெளியே வந்தவள் மறுபடியும் உள்ளே போகலாம். அதைப் பயன்படுத்தி அலை அலையாக ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்!

இன்னொரு ஆச்சரியம்: வீராங்கனைகள் பெர்னார்ட் ஷாவின் உரைநடைப் பத்தியை மனப்பாடம் செய்ய வேண்டும். அணியின் ஒவ்வொரு பண்புக்கும் இப்படி ஒரு பத்தி உண்டு. அந்தப் பண்பில் யார் எப்படி என்று சக வீராங்கனைகளே மதிப்பெண் போடுவார்கள்.

1986-ல் தேசிய அணியும் அவர் பொறுப்பில் வந்தது. மறு வருடமே 15 வயதுச் சிறுமி ஒருத்தியைச் சீனாவுக்கு எதிராக இறக்கினார். அவள்தான் மியா ஹாம், பின்னாளில் நாட்டுக்காக 158 கோல் அடித்தவர்! அதே வருடம் 16 வயதில் அறிமுகமான கிறிஸ்டின் லில்லி ஆடிய சர்வதேசப் போட்டிகள் 354. ஆண், பெண் இருபாலிலும் இதுதான் உலக சாதனை!

1991 நவம்பர் 30, சீனாவின் குவாங்சோ. அன்றைக்குப் பெண்களுக்கு 90 நிமிடம் விடவில்லை, ஆட்டமே 80 நிமிடம்தான். நார்வேயுடன் 1-1. 78-வது நிமிடம், மிஷெல் ஏக்கர்ஸ் கோல்! முதல் உலகக் கோப்பை அமெரிக்காவுக்கு. அந்த அணியின் 18 பேரில் ஒன்பது பேர் டோரன்ஸின் கல்லூரிப் பெண்கள். கேப்டன் ஏப்ரல் ஹெய்ன்ரிக்ஸும் அவர் மாணவிதான். 2004-ல் அதே அமெரிக்க அணிக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த கோச்சும் இந்த ஹெய்ன்ரிக்ஸ்தான்!

இந்த வாழ்க்கையில் கறுப்புப் பக்கமும் உண்டு. 1998-ல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் அவர் மீது பாலியல் தொல்லை வழக்குத் தொடர்ந்தார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஒரு வழக்கு 2004-ல் சமரசமானது. மற்றதை 2008-ல் பல்கலைக்கழகம் 3,85,000 டாலர் கொடுத்து முடித்தது. வீராங்கனைகளின் அந்தரங்கப் பேச்சில் தானும் கலந்துகொண்டது தகாதது என்று அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். கோப்பைகளைப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவரிடம் பயின்றவர்கள் இன்று எங்கெல்லாம் இருக்கிறார்கள் தெரியுமா? அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரான சிண்டி பார்லோ கோன் அந்தக் கல்லூரியில் ஆடியவர். 2022-ல் ஐரோப்பியக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் லூசி பிரான்ஸும் அலெசியா ருஸ்ஸோவும்கூட அங்கே ஆடியவர்கள்தான்!

2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாளே இருந்தபோது, 73 வயதில் டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். உதவிப் பயிற்சியாளர் டேமன் நாஹாஸ் அவசரமாகப் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரில் வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்று, 12 வருடம் கைக்கு எட்டாத கோப்பையை அந்தப் பெண்கள் மறுபடி சேப்பல் ஹில்லுக்குக் கொண்டுவந்தார்கள்!