வீட்டிலே ஒரு வழங்கி

1933ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே கே. எம். செல்லப்பா என்னும் அன்பர், தம் இல்லத்தில் நூல்களைச் சேர்த்து வைத்து, வேண்டுவோர்க்கு வாசிக்கக் கொடுத்து வந்தார். அடுத்த ஆண்டிலே அம்முயற்சி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சிறிய வாடகை அறைக்கு வந்தது. அப்பொழுது அங்கிருந்த நூல்கள் 844. அவ்வித்தே வளர்ந்து, 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. ஒரு பெருங் கொடை ஒரு வீட்டு முன்றிலில் தொடங்கியது என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

இன்று மாணாக்கர் நாவிலே ‘சேர்வர்’ என்னும் சொல் அடிக்கடி வழங்குகின்றது. தமிழில் இதனை ‘வழங்கி’ என்பர். இஃது எங்கோ வெளிநாட்டில், குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் இருக்கும் மாபெரும் இயந்திரம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் வழங்கி என்பது ஒரு தொழிலின் பெயர். வாசகர் ஒருவர் நூலின் பெயரைச் சொல்ல, நூலகர் அலுமாரியிலிருந்து அதனை எடுத்துக் கொடுக்கின்றாரல்லவா? கேட்பது உலாவி, எடுத்துக் கொடுப்பது வழங்கி. இவ்வளவே விஷயம்.

உலகின் முதல் இணைய வழங்கியும் ஒரு மேசைக் கணினியே. 1990இன் இறுதியில், ஜெனிவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ அதனை இயக்கினார். யாரும் தவறுதலாக நிறுத்திவிடலாகாது என்று, அதன்மீது சிவப்பு மையினால் எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்தார்!

நம் வீட்டுக் கணினியையும் அவ்வாறே வழங்கியாக்கலாம். அதற்கு இணைய இணைப்பு ஒருமுறைதான் வேண்டும். ‘எக்ஸாம்ப்’ என்னும் இலவச மென்பொருட் தொகுதியை இறக்கி நிறுவுக. அதிலே ‘அப்பாச்சி’ என்னும் வழங்கி மென்பொருள் உண்டு. கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, அப்பாச்சிக்கு எதிரேயுள்ள தொடக்கப் பொத்தானை அழுத்தினால் அதன் பெயர் பச்சை நிறம் பெறும். பின்னர் ‘எச்ரிடொக்ஸ்’ என்னும் கோப்புறையினுள் ‘நூல்’ என்று ஆங்கில எழுத்துக்களிற் பெயரிட்டு ஒரு கோப்புறை அமைத்து, ‘இன்டெக்ஸ்’ என்னும் பெயரில் ஒரு எச்ரிஎம்எல் பக்கத்தை அதில் இடுக. உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதி, சாய்கோடு இட்டு, அக்கோப்புறையின் பெயரைச் சேர்த்தால் பக்கம் தோன்றும். லோக்கல்ஹோஸ்ட் என்பதன் எண் முகவரி 127.0.0.1. ‘என்னையே நான் அழைக்கிறேன்’ என்பது இதன் கருத்து. வேண்டுகோள் வீட்டுப் படலையைத் தாண்டுவதில்லை. கணினிக்குள்ளேயே சென்று மீளும்.

தொடக்கத்தில் இரண்டு தொல்லைகள் நேரலாம். அப்பாச்சி 80ஆம் இலக்க வாயிலைக் கேட்கும். வேறொரு மென்பொருள் அவ்வாயிலை முன்னரே பிடித்திருந்தால், அப்பாச்சி தொடங்காது. அமைப்புக் கோப்பிலே 80 என்பதை 8080 என மாற்றி, முகவரியில் லோக்கல்ஹோஸ்டை அடுத்து முக்காற்புள்ளியும் 8080உம் சேர்த்தால் தடை நீங்கும். மற்றது, தமிழ் எழுத்துக்கள் உருக்குலைந்து தோன்றுவது. கோப்பை ‘யூரிஎப்-8’ முறையிற் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதனைக் குறிப்பிட்டால் தமிழ் தெளிவாக வரும்.

இதனால் ஆகும் பயன் யாது? 1990களில் குடாநாட்டிற்கு மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம்மவர்கள். கையில் உள்ளதைக் கொண்டு காரியம் முடிப்பது நமக்குப் புதிதன்று. வீட்டு வழங்கியும் அத்தகையதே. இணையம் அறுந்தாலும் அது நிற்பதில்லை. வீட்டிலே வைஃபை இருக்குமாயின், கணினியின் பாதுகாப்பு அரண் இடங்கொடுத்தால், பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலும் அப்பக்கங்களைக் காணலாம். ஆனால், பழகுவதற்கென அமைந்த இத்தொகுதியை வெளியுலகுக்குத் திறந்துவிடுதல் ஆகாது.

அதில் எதனை வைப்பது? நம் வீடுகளின் அலுமாரிகளைத் திறந்து பார்ப்போம். அந்தியேட்டி நாளிலே வெளியிட்ட கல்வெட்டுகள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிக்கூடச் சஞ்சிகைகள், பாட்டனார் எழுதிய கடிதங்கள் எத்தனை! பல தலைமுறைகளின் வரலாறு அக்கல்வெட்டுகளில் அடங்கியுள்ளது. கறையான் தின்னுமுன் அவற்றைப் படமெடுத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் ஆண்டும் எழுதிவைத்தால், அதுவே வீட்டு நூலகம். விடுமுறையில் மாணாக்கர் செய்யத்தக்க நற்பணி.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயிலே, பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அச்சில் உள்ள நூல்களை மீண்டும் வாங்கலாம். வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளை எங்கே வாங்குவது? ஒரே ஒரு கணினியில் மட்டும் இருக்கும் நூலகமும் அந்த ஏடு போன்றதே. ஆதலால் ஒரு பிரதியைத் தனி வட்டிலே எடுத்து வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். மற்றொன்றைக் கடல் கடந்து வாழும் உறவினர்க்கு அனுப்ப வேண்டும். ஊருக்குப் பயன்படுவனவற்றை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்திற் பேணிவரும் நூலகம் திட்டத்தாருக்குக் கொடுத்துதவலாம். அவர்களுடைய தளம் இயங்குவது, விக்கிப்பீடியாவை இயக்கும் ‘மீடியாவிக்கி’ மென்பொருளினாலேயாகும். அதனையும் நம் வீட்டு வழங்கியில் நிறுவிப் பழகலாம். இன்று வீட்டிற் பழகும் மாணவன் நாளை ஊருக்கு வழங்குவான்.

844 நூல்கள் வளர்ந்த கதையை நாம் அறிவோம். இனித் தொடங்குபவை ஒருபோதும் ஒரே இடத்தில் மட்டும் இராமற் பார்த்துக்கொள்வது நம் கடமையாகும்.